மொழியும் எழுத்தும் திரையும்

வடதமிழ்நாட்டில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் அரிசிக்கும் பட்டு நெசவுக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாகும். ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பல குடும்பங்கள் வழிவழியாக இத்தொழிலையே நம்பி வாழ்ந்து வந்துள்ளன. தறியில் அமர்வோர் ஒருவரே ஆயினும், நூல் சுற்றுவோரும், பாவு பிணைப்போரும், சாயம் தோய்ப்போரும் எனப் பலருடைய உழைப்பினால் ஒரு சேலை உருவாகின்றது. இவ்வேலைகளுள் பலவற்றை மகளிரே செய்து வருகின்றனர்.

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் அன்னமும் விளங்கக் காண்கிறோம். அவ்வுருவங்கள் தறியில் தாமாகத் தோன்றிவிடுவதில்லை. முதலில் ஒருவர் தம் கருத்தில் தோன்றிய உருவத்தைக் கட்டமிட்ட தாளில் வரைகின்றார். இக்காலத்தில் இவ்வேலையைக் கணிப்பொறியிலும் செய்கின்றனர். அவ்வரைவில் உள்ள ஒவ்வொரு கட்டமும் நூலின் போக்கைக் குறிக்கும். பின்னர் அவ்வரைவைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகின்றனர். அவ்வட்டைகளை ஜக்கார்டு பொறியில் கோத்த பின்னரே நெசவாளர் நாடாவைக் கையில் எடுக்கின்றார். எனவே, கருத்து, வரைவு, கைவினை என்னும் மூன்றும் ஒன்றுபட்டாலன்றிச் சேலை அழகு பெறாது.

திரைப்படக்கலையும் இத்தகையதே. கதை என்னும் கருத்து முதலில் தோன்றுகின்றது. அது திரைக்கதை என்னும் வரைவாக எழுதப்பெறுகின்றது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய கைவினைகள் அவ்வரைவைக் காட்சியாக்குகின்றன. கதையைத் தேர்ந்துணர்வதற்கு இலக்கியக் கல்வியும், திரைக்கதையை அமைப்பதற்கு எழுத்துப் பயிற்சியும், காட்சியாக்குவதற்குத் தொழில்நுட்பக் கல்வியும் துணை செய்கின்றன. உலகின் பல பல்கலைக்கழகங்கள் ஆங்கில இலக்கியம், படைப்பெழுத்து, திரைப்படக்கலை ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்க முற்பட்டமைக்குக் காரணம் இதுவே.

விசைத்தறியின் வரவாலும் மூலப்பொருள்களின் விலையேற்றத்தாலும் கைத்தறி நெசவு நலிவுற்று வந்துள்ளது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி நடுவண் அரசு 1985ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. எனினும், நெசவாளர் பலர் தம் மக்கள் தறியை விட்டு வேறு தொழில்களுக்குச் செல்வதையே விரும்புகின்றனர். பொறியியலோ, வணிகவியலோ, செவிலியர் கல்வியோ கற்றால் ஊதியம் உறுதி என்பது அவர்தம் எண்ணம். அத்தகைய இல்லத்தில் ஒரு மகனோ மகளோ, “ஆங்கில இலக்கியம் கற்க விரும்புகிறேன்; எழுத்துத் துறைக்கோ திரைத்துறைக்கோ செல்வேன்” என்று கூறினால், “அதனைக் கற்றுப் பின் என்ன செய்வாய்?” என்று பெற்றோர் வினவுவர். அவ்வினாவைப் பிழை என்று ஒதுக்குதல் கூடாது. பல மாதக் கூலியைச் சேர்த்துக் கல்விக் கட்டணம் செலுத்துவோர் அவ்வாறு வினவுதல் முறையே. அதற்குத் தக்க விடையை அறிந்துகொள்ளுதல் மாணவர் கடமையாகும்.

முதற்கண் ஆங்கில இலக்கியக் கல்வி யாது என்பதைக் காண்போம். ஆங்கிலத்தில் பிழையின்றிப் பேசவும் எழுதவும் பழகுதல் அக்கல்வியின் ஒரு பகுதியே. செய்யுள், நாடகம், புதினம், திறனாய்வு, மொழியியல், மொழிபெயர்ப்பு முதலியன அங்கே கற்பிக்கப்பெறுகின்றன. ஆங்கில நாட்டார் எழுதியவற்றோடு இந்தியரும் ஆப்பிரிக்கரும் பிறரும் ஆங்கிலத்தில் எழுதியவையும் பாடமாக வைக்கப்பெறுகின்றன. ஒரு நூலை ஊன்றிப் படித்தல், ஆசிரியர் கூறியதையும் கூறாது விட்டதையும் உணர்தல், தாம் கண்டதைச் சான்றுகாட்டித் தெளிவாக எழுதுதல் ஆகிய மூன்று பழக்கங்களை அக்கல்வி வளர்க்கின்றது. எத்தொழிலுக்குச் செல்வார்க்கும் இப்பழக்கங்கள் பயன்படும்.

படைப்பெழுத்துப் பயிற்சி இதனின் வேறானது. அங்கே மாணவர் தாமே சிறுகதையும் கட்டுரையும் திரைக்கதையும் எழுதுகின்றனர். எழுதியதை ஆசிரியர் முன்னும் உடன்கற்போர் முன்னும் படித்துக் காட்டுகின்றனர். குறை கேட்டுத் திருத்தி மீண்டும் எழுதுகின்றனர். இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அதனை முடிந்த பின்னரே மேலே நெய்கின்றார். எழுத்துப் பயிற்சியும் அவ்வாறு நின்று திருத்தும் பொறுமையையே கற்பிக்கின்றது. கற்பனையைப் பிறர் ஊட்டுதல் இயலாது. திருத்தும் பழக்கத்தை ஊட்டுதல் இயலும்.

இனி, திரைப்படக் கல்வியின் வரலாற்றைக் காண்போம். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டிலேயே திரைப்படக்கலையைப் பாடமாக ஏற்றுக்கொண்டது. அங்குப் பயின்றவருள் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன். அவருடன் பயின்ற இந்தியரான மாணிக் லால் டாண்டனின் அழைப்பினால் 1935ஆம் ஆண்டில் இந்தியா வந்த டங்கன், சில திங்கள் தங்கித் திரும்பவே எண்ணியிருந்தார். ஆயினும், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இங்கேயே தங்கித் தமிழ்ப் படங்களை இயக்கினார். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சதி லீலாவதி’ அவர் இயக்கியது. எம்.ஜி.ஆர். திரையில் முதன்முதலாகத் தோன்றியது அப்படத்திலேயே ஆகும். அதன் கதையை எழுதியவர் எஸ்.எஸ். வாசன். ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) ஆகியனவும் டங்கன் இயக்கிய படங்கள். கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் இயக்கத்திலும் டங்கனுக்குப் பங்கு உண்டு.

அக்காலத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களை அப்படியே படம்பிடித்தவை போல இருந்தன. டங்கன் தாம் பல்கலைக்கழகத்தில் கற்ற முறைகளை இங்கே கையாண்டார். ஒளிப்பதிவுக் கருவி ஓரிடத்தில் நில்லாது நடிப்போரை நெருங்கியும் விலகியும் இயங்கலாயிற்று. முகக்குறிப்பினாலேயே உணர்ச்சியைப் புலப்படுத்தும் முறையும் வளர்ந்தது. கல்விக்கூடத்தில் பெற்ற பயிற்சி ஒரு நாட்டின் கலையில் மாறுதல் விளைக்க வல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆனால், டங்கன் தமிழ் அறியாதவர். கதையையும் உரையாடலையும் பிறர் ஆங்கிலத்தில் எடுத்துரைக்க, அவர்கள் துணைகொண்டே படங்களை இயக்கினார். சொல்லின் நயத்தையும், பாடலின் பொருளையும், பேச்சின் இயல்பையும் தமிழறிந்த எழுத்தாளரும் துணைவருமே காத்தனர். கருவியின் நுட்பம் ஒருவரிடத்தும் மொழியின் நுட்பம் மற்றொருவரிடத்தும் இருந்தன. இரண்டும் தமிழ்நாட்டாரிடத்திலேயே வந்து பொருந்துவதற்கு இந்நாட்டில் கல்விக்கூடங்கள் தோன்றவேண்டியிருந்தது.

அவையும் தோன்றின. சென்னையில் இருந்த மத்தியத் தொழில்நுட்பப் பயிலகத்தில் 1945ஆம் ஆண்டில் திரைப்படத் தொழில்நுட்பம் கற்பிக்கப்பெறலாயிற்று. அதன் வழித்தோன்றலே, சென்னைத் தரமணியில் இப்பொழுது எம்.ஜி.ஆர். பெயரால் விளங்கும் அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஆகும். நடுவண் அரசு 1960ஆம் ஆண்டில் புனே நகரில், புகழ்பெற்ற பிரபாத் படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தில், ஒரு திரைப்படக் கல்விக்கூடத்தை நிறுவியது. கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் அமைந்த கல்விக்கூடம் 1995ஆம் ஆண்டில் தோன்றியது.

புனேயில் கற்றுத் தமிழுக்குப் பெருமை சேர்த்தவருள் பாலு மகேந்திரா தலைசிறந்தவர். அவர் 1939ஆம் ஆண்டில் இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். பள்ளிச் சிறுவராக இருந்த காலத்தில், டேவிட் லீன் என்னும் ஆங்கில இயக்குநர் இலங்கையில் நடத்திய படப்பிடிப்பைக் கண்டார். அன்று அவர் உள்ளத்தில் எழுந்த விருப்பம் நிலைபெற்று, அவரைப் புனேக்கு அழைத்துச் சென்றது. அங்கு ஒளிப்பதிவுக் கலையைப் பயின்று தேர்ந்தார். பின்னாளில் அவர் எழுதி இயக்கிய ‘வீடு’ (1988) தேசிய விருது பெற்றது. தமிழ் எழுத்தாளர் பலருடைய சிறுகதைகளைத் தேர்ந்தெடுத்து, ‘கதை நேரம்’ என்னும் பெயரால் தொலைக்காட்சிக்குக் குறும்படங்களாகவும் ஆக்கினார். கருவியைக் கற்றவர் இலக்கியத்தைக் கைவிடாமையே அவர்தம் சிறப்பாகும். அவர் 2014ஆம் ஆண்டில் மறைந்தார்.

மற்றொருவர் வேறு வழியாகத் திரைத்துறைக்கு வந்தார். இளையான்குடியில் பிறந்து, இயக்குநர் மகேந்திரன் என்று பின்னர் அறியப்பெற்ற அவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பயின்றபோது, விழாவொன்றுக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அவர் முன்னிலையிலேயே, தமிழ்ப் படங்களில் காணும் இயல்பின்மையை மாணவர் மகேந்திரன் அஞ்சாது எடுத்துரைத்தார். எம்.ஜி.ஆர். சினம் கொள்ளாது அப்பேச்சைப் பாராட்டினார். பின்னர்ச் சென்னையில் சட்டம் பயிலத் தொடங்கிய மகேந்திரன், அதனைத் தொடர இயலாது இதழ்ப்பணியில் சேர்ந்தார். அவரை அடையாளம் கண்டுகொண்ட எம்.ஜி.ஆர்., கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்துக்குத் திரைக்கதை எழுதும் பணியை அளித்தார். அப்படம் அன்று உருவாகவில்லை. ஆயினும், பெரியதொரு புதினத்தைத் திரைக்கேற்ப அமைக்கும் பயிற்சி அவருக்கு வாய்த்தது. செய்தியாளர், திறனாய்வாளர், கதை உரையாடல் ஆசிரியர் எனப் பல ஆண்டுகள் எழுதிய பின்னரே அவர் இயக்குநரானார்.

இவ்விருவரும் 1978ஆம் ஆண்டில் ஒரு படத்தில் ஒன்றுகூடினர். அதுவே ‘முள்ளும் மலரும்’. அதற்கு மூலம், எழுத்தாளர் உமாசந்திரன் எழுதி, கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் முதற்பரிசு பெற்ற புதினம். திரைக்கதை எழுதி இயக்கியவர் மகேந்திரன். ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. மகேந்திரன் புதினத்தை வரிக்கு வரி பின்பற்றவில்லை. அண்ணன், தங்கை என்னும் இருவரிடையே உள்ள அன்பைக் கருவாகக் கொண்டு புதிய திரைக்கதை அமைத்தார். பேச்சைக் குறைத்துக் காட்சிக்கு இடமளித்தார். மலைச்சரிவின் இயற்கை ஒளியும் பனியும் கதையின் பகுதியாகவே அமையுமாறு பாலு மகேந்திரா படம்பிடித்தார். இலக்கியமும் எழுத்துப் பயிற்சியும் கல்விக்கூடத்தில் பெற்ற கைவினையும் இணைந்தமையால், அப்படம் இன்றும் திரைப்பட மாணவரால் எடுத்துப் பேசப்படுகின்றது.

இதனால் அறியத்தக்கது யாது? பட்டம் ஒன்றே கலைஞரை ஆக்குவதில்லை. மகேந்திரன் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அதனால் கல்வி வேண்டா என்று கொள்ளுதலும் பொருந்தாது. பாலு மகேந்திராவின் கைத்திறன் கல்விக்கூடத்தில் பண்பட்டதாகும். கல்லூரியில் கற்றாலும் இதழ் நிலையத்தில் கற்றாலும், இடையறாத பயிற்சியே இருவர்க்கும் பொதுவாக இருந்தது. கல்விக்கூடத்தின் பயன், அப்பயிற்சிக்கு வேண்டிய காலத்தையும் கருவியையும் வழிகாட்டியையும் ஒருங்கே அளிப்பதாகும்.

இனி, இக்கல்வி பெற்றார்க்கு உரிய தொழில்களை நோக்குவோம். ஆங்கில இலக்கியம் கற்றவர் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் பெற்றுப் பள்ளிகளில் பணியாற்றலாம். மேற்பட்டம் பெற்று உரிய தகுதித் தேர்வில் வென்றால் கல்லூரி ஆசிரியராகலாம். இதழ்கள், பதிப்பகங்கள், விளம்பர நிறுவனங்கள் ஆகியவற்றில் எழுத்தாளராகவும் திருத்துநராகவும் அமரலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதத்தக்க அரசுப்பணித் தேர்வுகளும் உண்டு. சட்டம் பயிலச் செல்வார்க்கும் நுணுகிப் படிக்கும் பழக்கம் துணையாகும்.

மொழிபெயர்ப்பு தனித்துக் கூறத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஆக்ஸ்போர்டிலும் ஆங்கில இலக்கியம் கற்ற லட்சுமி ஹோம்ஸ்ட்ராம், அம்பை, பாமா முதலியோர் எழுதிய தமிழ்நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தார். பாமாவின் ‘கருக்கு’ அவர் மொழிபெயர்ப்பினாலேயே கடல்கடந்த வாசகரையும் அடைந்தது. சாகித்திய அகாதெமி 1989ஆம் ஆண்டு முதல் மொழிபெயர்ப்புக்கென்றே பரிசு வழங்கி வருகின்றது. 2023ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் காட்சியின் வாயிலாகத் தமிழ்நாட்டு அரசும் மொழிபெயர்ப்புக்கு நிதியுதவி செய்து வருகின்றது. திரைப்படங்கள் இணையத்தின் வழியே பல நாட்டாரைச் சென்றடையும் இக்காலத்தில், உரையாடலை வேற்றுமொழியில் சுருக்கித் திரையின் அடியில் எழுதும் சப்டைட்டில் பணியும் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது.

கணிப்பொறியே மொழிபெயர்க்கும்போது மனிதர் எதற்கு என்று சிலர் ஐயுறுவர். பாவு, ஊடை என்னும் சொற்களுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களைக் கணிப்பொறி காட்டிவிடும். கரையையும் உடலையும் தனித்தனி நிறநூலால் நெய்து இணைக்கும் ‘கோர்வை’ என்பதன் அருமையையோ, அதனைச் சொல்லும்போது முதிய நெசவாளர் குரலில் தோன்றும் பெருமிதத்தையோ அது தானே உணர்ந்து காட்டுவது அரிது. தறியையும் இரு மொழிகளையும் அறிந்த ஒருவரே அச்சொல்லைச் செவ்வனே பெயர்க்க வல்லவர். ஆரணி மாணவர் தம் ஊரில் இயல்பாகப் பெற்ற அறிவு ஒரு செல்வமே என்பதை இதனால் உணரலாம்.

திரைத்துறையிலோ இயக்குநர், நடிகர் என்னும் இரண்டையே பலர் அறிவர். திரைக்கதை ஆசிரியர், உதவி இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், கலை இயக்குநர், ஆவணப்பட ஆசிரியர், பழைய படங்களைக் காக்கும் ஆவணக் காப்பாளர் எனப் பணிகள் பலவாகும். பழம்படங்களைப் பாதுகாப்பதற்கென்றே 1964ஆம் ஆண்டில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. ஆயினும், இத்துறையில் ஊதியம் திங்கள்தோறும் உறுதியாக வருவதன்று. ஒரு படம் முடிந்த பின் அடுத்த படத்திற்காகக் காத்திருத்தல் வேண்டும். உதவி இயக்குநராகப் பல்லாண்டு உழைத்தும் தனிப்படம் வாய்க்காதோர் உளர். இவ்வுண்மையைப் பெற்றோரிடம் மறைத்தல் அறமன்று. ஆதலால், ஆசிரியப்பணி, மொழிபெயர்ப்பு, திருத்துப்பணி, படத்தொகுப்பு ஆகியவற்றுள் வாழ்வுக்கு ஊதியம் தரத்தக்க ஒரு திறனையாவது முதலில் கைவரச் செய்துகொண்டு, அதனோடு கலையையும் வளர்த்தல் அறிவுடைமை. அசோகமித்திரன் 1950களிலும் 1960களிலும் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் பணிபுரிந்தார். அங்குக் கண்ட வாழ்வே பின்னர் ‘கரைந்த நிழல்கள்’ என்னும் புதினத்துக்குப் பொருளாயிற்று. பிழைப்புக்காகச் செய்த பணியே எழுத்துக்கும் உரமாயிற்று.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். ஆங்கில இலக்கியம் பயில ஆரணி மாணவர் தொலைவு செல்லவேண்டுவதில்லை. அண்மையில் உள்ள செய்யாறு, திருவண்ணாமலை, வேலூர் ஆகிய ஊர்களின் கல்லூரிகளிலேயே அதனைக் கற்கலாம். தரமணியில் உள்ள அரசு நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும் முதலியன பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்பெறுகின்றன. தனியார் நிறுவனங்களை நோக்க அங்குக் கட்டணம் குறைவு, இடங்களோ சில. புனேயிலும் கொல்கத்தாவிலும் சேர்வதற்குப் பட்டம் பெற்ற பின் நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். ஆதலின், ஊருக்கு அருகில் ஒரு பட்டம் பெற்றுக்கொண்டே எழுதிப் பழகிப் பின்னர்த் திரைப்படக் கல்விக்கு முயல்வது குறைந்த செலவில் இயலும் வழியாகும். விளம்பரத்தை மட்டும் நம்பி மிகுந்த கட்டணம் செலுத்துதல் கூடாது. அங்குக் கற்பிப்போர் யாவர், கருவிகள் மாணவர் கைக்கு எட்டுமா, முன்பு கற்றோர் எங்குப் பணிபுரிகின்றனர் என்பவற்றை நேரில் உசாவி அறிதல் வேண்டும்.

ஆங்கிலம் கற்போர் தமிழை இகழ்தல் ஆகாது. நெசவில் பாவு வலுவற்றால் எத்தனை ஊடை செலுத்தினும் துணி நில்லாது. தாய்மொழியே பாவு, பின்னர்க் கற்கும் மொழிகள் அதன்மேல் ஓடும் ஊடை. தமிழில் நல்ல கதைகளைப் படித்துச் சுவையறியாதவர் ஆங்கிலத்தில் நூறு நூல்களைப் படித்தும் தமக்குரிய சொல்லைக் காணமாட்டார்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு, பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ என்னும் தமிழ்ப்படம் 2008ஆம் ஆண்டில் திரையிடப்பெற்றது. பிறர்க்குப் பட்டு நெய்யும் ஒருவர், தம் மகளின் திருமணத்திற்கு ஒரு பட்டுச் சேலை அளிக்க இயலாது வருந்துவதே அதன் கதை. சிறந்த இந்தியப் படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதில் நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதினைப் பெற்றார். நெசவாளர் துயரம் நாட்டின் உயர்ந்த விருதுக்குரிய கலைப்பொருள் ஆகும் என்பதை அப்படம் காட்டிற்று. எனினும், அது விடுதலைக்கு முன்னிருந்த காலத்துக் கதை. இன்றைய ஆரணித் தெருக்களின் வாழ்வு இன்னும் எழுதுவாரை எதிர்நோக்கி நிற்கின்றது. கைத்தறியின் ஓசை குறைந்துவரும் இந்நாளில், முதிய நெசவாளர் பேசும் தொழிற்சொற்களைத் தொகுப்பாரும், அவர்தம் கைவினையைப் படம்பிடித்து வைப்பாரும் இல்லையாயின், சில ஆண்டுகளில் அவை மறைந்து போகும்.

ஆதலின், மொழியும் எழுத்தும் திரைக்கலையும் கற்க விழையும் மாணவர், கல்லூரியில் சேரும் நாள்வரை காத்திருத்தல் வேண்டா. நாள்தோறும் ஒரு பக்கம் எழுதலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறுகதையேனும் வாரந்தோறும் படிக்கலாம். தம் தெருவில் உள்ள பெரியோரிடம் தொழிற்சொற்களைக் கேட்டுப் பொருளுடன் குறித்துவைக்கலாம். “கற்றுப் பின் என்ன செய்வாய்?” என்று வினவும் பெற்றோர்க்கு, அவ்வாறு எழுதி நிறைந்த ஏடே முதல் விடையாகும்.